வலமாத்தானுங்க சுத்துச்சு

இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து உக்காருங்க தம்பி, அந்தப் பெஞ்சு ஆடுது. நான் வெடியால ஆறு மணிக்கே இந்த மாட்டாஸ்பத்திரிக்கு வந்துட்டேன், எது நேரா நிக்கும் எது கவுத்து விடும்னு எனக்குப் பாடமாயிருச்சு. நாயிக்கு என்னங்க சீக்கு? ஒண்ணுமில்லீங்களா? பின்ன என்னத்துக்கு? பூச்சி மாத்திரை வாங்கவா! அட சாமி! நாயிக்குப் பூச்சி மாத்திரை வாங்கறதுக்குன்னு லீவு போட்டுட்டு, மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தீங்களா? சிரிக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க காட்டுலயும் ஒருத்தன் இருக்கறான், சிங்கான்னு பேரு. ஆறு வருசமாச்சு, மாத்திரைன்னா வட்டமா சதுரமான்னு அவனுக்குத் தெரியாது. அவன் கொரைச்சா இட்டேரித் தடத்துல போற பைக்கு நிக்கும்.

என்றதுங்களா, நான் கொண்டாந்ததா? அதோ, அந்தப் பச்சைக் கதவுக்குள்ள இருக்குது. கன்னுக்குட்டி. மண்டையத் தொறக்கறாங்க.

ஆமாங்க, மண்டையத்தான். சரியாத்தான் கேட்டீங்க. மூளைக்கு மேல நீர்க்கட்டி இருக்குதாம், கோழிமுட்டையத்தண்டி இருந்தாலும் இருக்குமாம். அதுக்குள்ள புழுவாம். எலும்புல காசளவுக்கு ஓட்டை போட்டு அந்தப் பையை முழுசா உருவோணுமாம். கிழிஞ்சாப் போச்சு. பக்கம் மாறி ஓட்டை போட்டாலும் போச்சு. இன்னொரு ஓட்டை போடற அளவுக்குக் கன்னுகிட்டத் தெம்பு இல்லம்மான்னு டாக்டரம்மா சொல்லிட்டுத்தான் உள்ள போனாங்க. உங்க வயசுதான் இருக்கும் அந்தப் புள்ளைக்கு. கைய மட்டும் பாத்தேன், நடுங்கல.

நமக்கு மூலனூருக்குத் தெக்க. கொறங்காடு இருக்குது. தெரியாதுங்களா? மேய்ச்சக்காடு தம்பி, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள ஆடும் மாடும் ஒண்ணா மேயும். பன்னெண்டு ஆடு, ஒரு மாடு, இந்தக் கன்னு. ஆளுன்னா நான் ஒருத்திதான். மவன் பூபதி திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கறான். வீட்டுக்காரரு போன ஐப்பசியில போயிட்டாரு. வேலி கட்டிட்டு வந்து தண்ணி குடுன்னாரு, நான் சொம்பைக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவரு போயி நாப்பதாம் நாளு மாடு கன்னு போட்டுச்சு. கெடாரிக் கன்னு, பொட்டை. செவலை, ஒடம்புல ஒரு மாசு இல்ல, இடக்கண்ணுக்கு மேல, கொம்பு மொளைக்கற எடத்துல மட்டும் காசளவு வெள்ளை. அதனால பொட்டாயின்னு கூப்பிடறேன். காளைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போனதே அவருதானுங்க. பொட்டையாப் பொறந்தா விக்கக் கூடாது தெய்வாத்தா, நமக்குப் பொறவும் கட்டுத்தறி நெறைஞ்சு இருக்கோணும்னாரு. நமக்குப் பொறவுன்னு சொன்ன மனுசன் எனக்கு முந்திப் போயிட்டாரு.

இந்த ஆவணி பொறந்து நாலு நாளோ அஞ்சு நாளோ இருக்கும். தண்ணித் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன், தொட்டிமேலயே போயி முட்டிக்கிச்சு. கூறுகெட்டதேன்னு ஒரு தட்டுத் தட்டுனேன். அந்தத் தட்டுக்கு இப்ப அழுகறேன். மறாநாளு பார்த்தா, செவுத்துல நெத்தியை ஒட்ட வெச்சுட்டு நிக்குது. புல்லு வாயில இருக்குது, மெல்ல மாட்டேங்குது. அதுக்கப்பறம் சுத்த ஆரம்பிச்சுது. வலமாத்தானுங்க சுத்துச்சு. கோயில் சுத்தறாப்பல.

எங்கூரு ஆஸ்பத்திரிக்காரரு வந்து உண்ணிக் காய்ச்சல்னாரு. காது நுனியில குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில தடவி எடுத்துட்டுப் போனாரு. அதுல ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு. அப்பறம் சத்துக்கொறைன்னு நாலு நாளு ஊசி போட்டாரு. சுத்து நிக்கல. பக்கத்துக் காட்டுக்காரரு வந்து வெறிநாய் ஏதாச்சும் கடிச்சிருக்கும், கிட்டப் போகாத தெய்வாத்தா, அடிமாட்டு வண்டிக்காரனுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டாரு. உங்கூட்டுல புள்ளைக்குத் தலைவலின்னா வண்டிக்காரனுக்குத்தான் சொல்லுவீங்களான்னு கேட்டேன். அதுக்கப்பறம் அவரு வேலிக்கு இந்தப்பக்கம் வாரதில்ல.

பத்து நாளு கிட்டயே இருந்தேன் தம்பி. கூழைக் கையில வெச்சு ஊட்டி விடுவேன். சுத்திச் சுத்திக் கயிறு பூராத் தறிக்கட்டையில ஏறிக்கும். போயிப் பாத்தா கழுத்து தறியோட ஒட்டி, நாக்குத் தள்ளிட்டு நிக்கும். நான் புடிச்சு, வலமா இருவது முப்பது சுத்துக் கூட்டிட்டு வந்து கயிறை அவுப்பேன். அவுத்துட்டுத் திரும்பினாப் போதும், மறுக்காவும் ஏறிக்கும். ஒரு நாளைக்கு எத்தன தடவைன்னு கணக்கே இல்ல.

அந்தச் சத்தம் கேக்குதுங்களா உள்ள? மிசினு சத்தம். மயிரு மழிக்கற மிசினாத்தான் இருக்கும். எலும்புக்கு வேற சத்தம் வரும்னு அந்தண்ணன் சொன்னாரு, உள்ள வேலை பாக்கறவரு. இன்னும் எலும்புக்குப் போகல.

என்னங்க கேட்டீங்க? நாயைத் தரையில விடுங்க, அது பாட்டுக்குப் படுத்துக்கும். என்னமோ கேட்டீங்களே.

எந்தப் பக்கம் அவுத்தேனா? வலமாத்தான் அவுத்தேன். ஏன்?

நீங்க படிச்ச புள்ளை, ஆனா மாடு கட்டுனதில்ல. கயிறு ஏறறதும் எறங்கறதும் உங்களுக்குத் தெரியாது. விடுங்க.

நேத்திக்குக் கன்னு படுத்துருச்சு. எந்திரிக்கல. பூபதிக்குப் போன் போட்டேன். அம்மா, அங்க பெரியாஸ்பத்திரியில மண்டைக்குப் பாக்கறாங்களாம், நான் வண்டி சொல்லி விடறேன்னான். வெள்ளெனவே வண்டி வந்துச்சு. ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் கன்னு தலை தட்டுன்னு விழுகுது, நான் பின்னால மடியில வெச்சுட்டு வந்தேன். இங்க எறக்கறப்பத் தலையத் தூக்கவே இல்ல. டாக்டரம்மா கிட்ட வந்து மண்டி போட்டு உக்காந்தாங்க. கண்ணு முன்னாடி கையை வெடுக்குன்னு ஆட்டிப் பாத்தாங்க, வலக்கண்ணு, இடக்கண்ணு, ரெண்டும் சிமிட்டல. கட்டைவெரலால மண்டை பூரா அமுத்திப் பாத்தாங்க. கட்டி இருக்கற எடத்துல எலும்பு இளகி, வெரலு கொஞ்சம் உள்ள போகுமாம். எங்கியும் போகல. மிசின்ல படம் புடிக்க முடியாதுங்களான்னு கேட்டேன். மாட்டுத் தலைக்கு அந்த மிசினு இந்தச் சீமையிலயே இல்லம்மான்னாங்க.

அப்பறம் என்னப் பாத்துக் கேட்டாங்க. 'தெய்வாத்தாம்மா, எந்தப் பக்கமாச் சுத்திச்சுது? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. எந்தப் பக்கம் சுத்துதோ, அந்தப் பக்கம்தான் கட்டி இருக்கும். கன்னு எந்திரிச்சு நடந்தா நானே பாத்துக்குவேன். இப்ப நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு.'

வலமாத்தானுங்க, கோயில் சுத்தறாப்பலன்னு சொன்னேன்.

மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவையும் அதையேதான் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க.

இன்னொண்ணும் கேட்டாங்க, அதுதான் எனக்குச் சுருக்குன்னு போச்சு. நாய் வளக்கறீங்களான்னாங்க. ஆமான்னேன். ஆடு செத்தா அந்தத் தலையைப் பச்சையா நாய்க்குப் போடுவீங்களான்னாங்க. எப்படி இருக்கும் பாருங்க! செத்ததைப் போட்டு நாயை வளக்கற கூட்டமா நாங்க? எங்க நாயி பாலுஞ்சோறுந்தானுங்கன்னு சொல்லிட்டேன். பாலுஞ்சோறுந்தான். தை மாசம் ஒருக்கா ஒரு ஆடு செத்துச்சு, கிறுக்குப் புடிச்சாப்பல நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி விழுந்து செத்துச்சு. அவரு இருந்திருந்தா இடுப்பளவு குழி தோண்டி முழுசா மூடிருவாரு. ஆடு செத்தா அன்னைக்குப் பூரா கடப்பாரையும் கையுமாத்தான் இருப்பாரு. நான் ஒண்டிப் பொம்பள, பாறைக்காட்டுல எங்க தோண்டறது? ஒடம்பை எப்படியோ இழுத்துட்டுப் போயி மூடுனேன். தலையை ஒடைச்சுச் சிங்கானுக்குப் போட்டேன். என்ன ஆசையாத் தின்னான் தெரியுங்களா! அது ஒருக்காத்தான். அதையெல்லாம் போயி டாக்டருகிட்டச் சொல்லிட்டிருப்பாங்களா?

அப்பறம் வெளக்கம் சொன்னாங்க. அந்தக் கட்டி இருக்கற ஆட்டு மூளையப் பச்சையாத் தின்ன நாய்க்கு வயித்துல நாடாப்புழு வருமாம். நாய் கழியறப்ப அந்தப் புழு முட்டை புல்லுமேல விழுகுமாம். கன்னு அந்தப் புல்லை மேஞ்சா, உள்ள போயிப் புழுவாகி, ரத்தத்தோட மண்டைக்கு ஏறிக்குமாம். எந்த நாயோ வந்து எங்க காட்டுல கழிஞ்சுட்டுப் போயிருக்குது. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல தம்பி. எங்க சிங்கான் ஒரு வேத்து நாயை வேலிக்குள்ள விட மாட்டானே!

ஏனுங்க, உங்க நாயை அப்படி இறுக்கிப் புடிச்சிருக்கறீங்க? மூச்சு முட்டப் போகுது.

இன்னமும் அந்தக் கயித்துலயே இருக்கறீங்களா? சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? நான் வலமாக் கூட்டிட்டு வந்து அவுத்தேன். அப்ப ஏறுனது எந்தப் பக்கம், அதானே? கெட்டிக்காரருதான் நீங்க.

சொல்றேன். சத்தமாக் கேக்காதீங்க.

எங்க காட்டுக்கு எதுக்கால சுடுகாடு. பொம்பளைங்க அங்க போகக் கூடாது. நான் வேலிச் சந்துல நின்னு பாத்தேன், அவரை அங்க வெச்சிருந்தாங்க. என்ற பூபதி மொட்டைத் தலையோட, தோள்ல தண்ணிக் குடத்தை வெச்சுட்டுச் சுத்தி வாரான். ஒரு சுத்துக்கு ஒரு கொத்து, குடத்துல ஓட்டை போடறாங்க, தண்ணி பீச்சி அடிக்குது. அவன் சுத்துன பக்கம் இருக்குதுங்களே, அந்தப் பக்கம் நாங்க நல்ல காரியத்துக்குச் சுத்தறதில்ல தம்பி. வெளக்குமாத்தைக் கூட அந்தப் பக்கமாச் சுத்திப் போட மாட்டேன் நான். அந்த மூணு சுத்து இன்னும் என்ற கண்ணுல நிக்குது.

வருசம் இன்னும் திரும்பல. அதுக்குள்ள அவரு ஆசைப்பட்ட கன்னு, அதே பக்கமா, அதே மாதிரி தலையத் தொங்கப் போட்டுட்டுத் தறியச் சுத்துது. மூணு சுத்தா? நாள் பூராச் சுத்துது. நான் என்னன்னு நெனைப்பேன்? அந்த வார்த்தைய வாயில சொன்னா அது நடந்துரும்னு நெனச்சேன். அதான் புடிச்சுப் புடிச்சு வலமாத் திருப்பி விட்டேன். நான் கூடப் போனா வலமாத்தான் வந்துச்சு தம்பி, பொய்யில்ல. என்ற கையோட அது சுத்துனதெல்லாம் வலந்தான். ஆஸ்பத்திரிக்காரருகிட்டயும் வலம்னேன், பூபதிகிட்டயும் வலம்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே வலம்னு ஆயிப்போச்சு.

ஒரு வார்த்தையில என்னங்க இருக்குது? அவங்க படிச்சவங்க, தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தும் தெரியலைன்னுதானே என்னக் கேட்டாங்க, அப்படீங்கறீங்களா?

நீங்க எதுவுமே சொல்லல. சரி. நானாத்தான் சொன்னேன்.

இருங்க, கதவு தொறக்குது. அந்தண்ணன்தான். அண்ணா, கன்னு எப்படி இருக்குது? மயக்க ஊசி போட்டாச்சுங்களா? இனித்தான் ஆரம்பமா? அது என்னங்க பக்கெட்டுல? மழிச்ச மயிரா. சித்த நில்லுங்கண்ணா. காட்டுங்க.

செவலை.

பூராச் செவலை. வெள்ளை எங்கண்ணா? வெள்ளை மயிரு ஒண்ணு கூட இல்லீங்களே. என்ற பொட்டாயிக்கு இடப்பக்கம் காசளவு வெள்ளை இருக்குமே. அப்ப அந்தப் பக்கம் மழிக்கலீங்களா? வலப்பக்கந்தான் மழிச்சிருக்கறீங்களா?

தம்பி, என்னப் புடிக்காதீங்க, நான் விழுகல. இந்தப் பையப் பாத்துக்கங்க.

டாக்டரம்மா! டாக்டரம்மா, கதவத் தொறங்க! கத்திய வெக்காதீங்க சாமி! இடமா! இடமாத்தானுங்க சுத்துச்சு! நான் சொன்னது பொய்யிங்க! இடமாச் சுத்துச்சு! இடமா! இடமா!

வந்துட்டேன் தம்பி. தண்ணி இருந்தாக் குடுங்க. உங்க நாய் குடிச்ச பாட்டிலா? பரவால்ல, குடுங்க.

கதவத் தொறந்ததும் ஊசிமருந்து நாத்தம். பொட்டாயிய மேசைமேல சாச்சுப் போட்டிருக்கறாங்க, வலப்பக்கம் மேல இருக்குது, மழிச்ச எடத்துல மஞ்சளா மருந்து தடவி, பேனாவுல ஒரு வட்டம் போட்டிருக்கறாங்க. டாக்டரம்மா கையில கத்தி. அவங்க என்னத் திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டல. கத்தியத் தட்டுல வெச்சாங்க. கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. 'எதுக்கும்மா மாத்திச் சொன்னீங்க?'ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? சுடுகாட்டைப் பத்தி அங்க நின்னு சொல்ல முடியுங்களா? 'இப்பச் சொல்றது நெசமா?'ன்னாங்க. செத்துப்போன என்ற வீட்டுக்காரரு மேல சத்தியம்னேன். அவங்க அந்தண்ணனைப் பாத்து, 'கன்னைத் திருப்பிப் போடுங்க'ன்னாங்க.

நாலு பேரு சேந்து திருப்புனாங்க. மறுக்கா மிசினு ஓட்டுனாங்க. வெள்ளை மயிரு விழுகறதை நின்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.

அவரு மேல சத்தியம் பண்ணியிருக்கக் கூடாது. ஆனா அந்த நேரத்துல வேற யாரு இருக்கறாங்க எனக்கு?

இந்தச் சத்தந்தான் எலும்புச் சத்தம்.

பேசுங்க தம்பி, ஏதாச்சும் பேசுங்க. சும்மா இருந்தா அது காதுக்குள்ள போகுது. உங்க நாய்க்குப் பேரு என்ன? இங்கிலீசுப் பேரா? அழகாத்தான் இருக்குது. காதைப் பாரு, வெத்தலையாட்ட. வருசத்துக்கு எத்தன தடவ மாத்திரை? நாலு தடவையா! மூணு மாசத்துக்கு ஒருக்கா. அதும் எடைக்குத் தகுந்தாப்பலயா. நீங்க ஆட்டுத் தலை எதுவும் போடறதில்ல, அப்பறமும் குடுக்கறீங்க. சரி, சரி.

சத்தம் நின்னுருச்சு.

நின்னுருச்சுங்களா? எனக்குத்தான் கேக்கலையா?

அங்க பாருங்க, டாக்டரம்மாவே வாராங்க. தம்பி, கூட எந்திரிங்க.

டாக்டரம்மா, சொல்லுங்க. எப்படியிருந்தாலும் சொல்லுங்க.

முழுசாவா? கிழியலீங்களா? இடப்பக்கந்தான் இருந்துச்சுங்களா! ஐயோ, என்ற ஆத்தா! கண்ணு சிமிட்டுதா? ரெண்டு கண்ணும்? மூணு நாளு தாண்டோணும், சரிங்க, தாண்டட்டும், நான் இங்கயே இருக்கறேன், தரையிலயே படுத்துக்கறேன். காட்டை அந்தப் பக்கத்துக் காட்டுக் கோவக்காரருதான் பாத்துக்கோணும், காலுல விழுந்துக்கறேன். இதுங்களா? இந்தத் தட்டுல இருக்கறதா? இந்தத் தண்ணிப் பையா என்ற கன்னை அந்தச் சுத்துச் சுத்த வெச்சுது? உள்ள வெள்ளையா, நொய்யரிசியாட்ட ஒட்டிட்டு இருக்குதே, அது என்னங்க? ஒவ்வொண்ணும் புழுத் தலையா. ஒவ்வொண்ணுமா. நாய் தின்னா அத்தனையும் வயித்துல நாடாப்புழுவா ஆயிருமா.

என்ன கேட்டீங்க டாக்டரம்மா?

இல்லீங்க. தலையெல்லாம் போட்டதில்லீங்க. எங்க நாயி பாலுஞ்சோறுந்தான்.

சரிங்க. கன்னை நல்லாப் பாத்துக்கங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எனக்குத் தெரியுது. அவங்க பாத்த பார்வையிலேயே அவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு. இடமான்னு கத்துனப்பவே இருந்த தெம்பெல்லாம் போயிருச்சு, இன்னைக்கு இதுக்கு மேல எனக்கு வாய் வராது. சிங்கானைச் சொன்னா என்னச் சொன்ன மாதிரி. தை மாசம் என்ற கையால ஒடைச்சுப் போட்டேன், அவன் வால ஆட்டிட்டுத் தின்னான். அந்தத் தலையிலயும் இந்த நொய்யரிசி இருந்திருக்கும்.

தாய் மாடு மறுக்காவும் சினையா இருக்குதுங்க. இந்தத் தை மாசம் போடும். அதும் அந்தக் காட்டுலதான் மேயோணும்.

நீங்க வாங்கப் போற அட்டையில எத்தன மாத்திரை இருக்கும்? உங்க நாய்க்கு ஒண்ணு போதும்ல? உள்ள போயி முழு அட்டையாக் கேட்டு வாங்கி, மிச்சத்தை எனக்குக் குடுங்க. நீங்க கேட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சிங்கான் இருவது கிலோ இருப்பான். சோத்துக்குள்ள வெச்சு உருட்டிக் குடுத்தா முழுங்கிருவானுங்களா?